நிலத்துக்கா நீர், மனிதருக்கா?

மகாராஷ்டிரத்தில் மழை பொய்க்கும்போதெல்லாம் ஆட்சியாளர்கள் வானத்தைக் கைகாட்டுகின்றனர். 2016 ஏப்ரலில் மிரஜிலிருந்து லாத்தூருக்கு ரயிலில் குடிநீர் சென்றபோதும் பழி வானத்தின் மீதே விழுந்தது. ஆனால், அதே மராத்வாடாவில்தான் கரும்பு ஆலைகள் பெருகின. மாநிலச் சாகுபடிப் பரப்பில் 4 விழுக்காட்டுக்கும் குறைவாக உள்ள கரும்பு, பாசன நீரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டைக் கொள்கிறது என்று ஒன்றிய அரசின் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையமே கூறியுள்ளது. மழைக்குறைவு இயற்கையின் செயல். இருக்கும் நீர் யாருக்கு என்பது வர்க்கத்தின் தீர்ப்பு.

சட்டம் இல்லாமல் இல்லை. 2005ஆம் ஆண்டின் மகாராஷ்டிர நீர்வள ஒழுங்குமுறை ஆணையச் சட்டம், பற்றாக்குறைக் காலத்தில் ஒவ்வொரு நில உடைமையாளருக்கும் ஓர் ஏக்கருக்கேனும் போதிய நீர் தரப்பட வேண்டும் என்கிறது. ஆனால் 'இயன்றவரை' என்ற ஒற்றைச் சொல் அதற்குள் ஒளிந்திருக்கிறது. தலைமடையில் இயலுவது கடைமடையில் ஒருபோதும் இயலுவதில்லை. நிலமற்ற விவசாயத் தொழிலாளிக்கோ, பட்டாவில் பெயரில்லாத பெண்ணுக்கோ அச்சட்டத்தில் ஒரு சொட்டும் இல்லை.

வேறு வழி உண்டென்பதை அதே மாநிலத்தின் உழவர்கள் மெய்ப்பித்துள்ளனர். 1972ஆம் ஆண்டுக் கொடும் வறட்சிக்குப் பின், புனே மாவட்டம் புரந்தர் வட்டத்தில் விலாஸ்ராவ் சாளுங்கே தொடங்கிய பானி பஞ்சாயத்து, நிலத்தை அளக்காமல் தலைகளை எண்ணியது. ஆளுக்கு அரை ஏக்கர், குடும்பத்துக்கு அதிகம் போனால் இரண்டரை ஏக்கருக்கு நீர், நிலமற்றோருக்கும் பங்கு, நிலத்தை விற்றாலும் நீருரிமை அதனுடன் போகாது, கரும்புக்கு இடமில்லை. எளிய இவ்விதிகளில் ஒரு பெரும் கோட்பாடு அடங்கியுள்ளது: நீர் உடைமையின் வால் அன்று, உழைப்போரின் உரிமை.

எனினும், சிற்றூர்களின் நல்லெண்ணம் பெருங்கால்வாயின் மதகைத் திறந்துவிடாது. அங்கே ஆலை அதிபர்களின் அரசியல் செல்வாக்கு காவல் நிற்கிறது. அதை எதிர்கொள்ள அமைப்பாய்த் திரண்ட போராட்டம் வேண்டும்.

'கரும்பு விவசாயியும் விவசாயிதானே?' என்று சிலர் கேட்கின்றனர். ஆம்; சிறு கரும்பு விவசாயி நம் எதிரி அல்லர். கரும்புக்குச் சட்டபூர்வ விலையும் வாங்க ஆலையும் உண்டு. சோளத்துக்கும் துவரைக்கும் ஆதரவு விலை அறிவிக்கப்படுகிறது; கொள்முதல் உறுதி இல்லை. பயிரைத் தேர்ந்தெடுப்பது அவர் பேராசை அன்று, அரசின் விலைக்கொள்கை. கொள்முதல் உறுதியின்றிக் 'கரும்பை விடு' என்பது ஏழை உழவர்களுக்குள் பகை மூட்டவே உதவும்.

ஆகவே கோரிக்கைகள் மூன்றும் ஒன்றாகவே எழ வேண்டும்: வறட்சிக் காலத்தில் தலைக்கணக்கில் நீர்ப்பங்கு, அதில் நிலமற்றோருக்கும் பெண்களுக்கும் சட்டபூர்வ உரிமை, சிறுதானியங்களுக்கும் பருப்பு வகைகளுக்கும் உறுதியான கொள்முதல். இவற்றில் ஒன்றை விட்டாலும் மதகின் சாவி பழைய கைகளிலேயே இருக்கும்.