பேத்தியின் காதும் நம் ஊர்ச் சத்தமும்



வைகாசி பிறந்துவிட்டது. நம் பக்கம் இனி வரிசையாகக் கல்யாணங்கள். ஜூன் வந்தால் பள்ளிக்கூடம் திறந்துவிடும். இரண்டுக்கும் முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் பழையபடி பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார் என்று சிரிக்காமல் கடைசி வரை படியுங்கள்.

என் பேத்திக்குக் காக்ளியர் இம்பிளான்ட் வைத்திருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். பிறவியிலேயே கேட்கும் திறன் இல்லை. இரண்டு வயதில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு காதுக்கு ஆபரேஷன் ஆனது. இப்போது ஏழு வயது. வரும் ஜூனில் மூன்றாம் வகுப்பு. "அப்பத்தா" என்று அவள் முதல்முதலாகக் கூப்பிட்ட நாளை நான் மறக்க மாட்டேன். இன்று வாய் மூடாமல் பேசுகிறாள்.

இந்த ஐந்து வருடத்தில் எங்களுக்கு வந்த புத்திமதிகளை எண்ணி மாளாது. அதில் முக்கால்வாசி கரண்டைப் பற்றியது. "பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைக்காதே, ஷாக் அடிக்கும்", "பலூன் பக்கம் விடாதே, கருவி எரிந்துவிடும்", "சறுக்கு மரத்தில் ஏறினால் மூளையில் மின்சாரம் பாயும்". வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே எனக்கு அனுப்பியவர்களும் உண்டு. அக்கறையில்தான் சொல்கிறீர்கள், வருத்தமில்லை. ஆனால் சத்தத்தைப் பற்றி இதுவரை ஒருவர்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் கருத்து இதுதான்: நிலைமின்சாரத்துக்கு நாம் தேவைக்கு மேல் பயப்படுகிறோம். சத்தத்துக்குப் பயப்பட வேண்டிய அளவில் பாதிகூடப் பயப்படுவதில்லை.

முதலில் கருவியைப் பற்றிச் சுருக்கமாக. காதுக்குப் பின்னால் மாட்டியிருப்பது ஸ்பீச் பிராசசர். அதில் மைக் இருக்கிறது. அதிலிருந்து ஒரு வயர் போய், தலையில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் வட்டமான காயிலில் சேர்கிறது. தோலுக்கு அடியில் இன்னொரு பகுதி. அதிலிருந்து மெல்லிய கம்பி உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள் போகிறது. சத்தத்தை மின் துடிப்பாக மாற்றி நேரே நரம்புக்குக் கொடுப்பதுதான் வேலை. 1978-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் கிரேம் கிளார்க் என்ற மருத்துவர் பல மின்முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தினார். அவருடைய அப்பாவுக்குக் காது கேட்காது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவர். அதே காலத்தில் வியன்னாவில் இங்கெபோர்க் ஹோக்மயர், எர்வின் ஹோக்மயர் தம்பதியும் இதே வேலையில் இருந்தார்கள். இப்படிச் சிலருடைய பிடிவாதம்தான் இன்று நம் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பேச வைத்திருக்கிறது.

ஒரு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். நம் உள்காதில் சத்தத்தை வாங்கி நரம்புக்குக் கொடுக்கும் மயிர் செல்கள் ஏறத்தாழ 3,500. இந்தக் கருவியில் இருக்கும் மின்முனைகள் 12 முதல் 22 வரைதான். 3,500 பேர் செய்யும் வேலையை 22 பேர் செய்கிறார்கள். எதிரில் உட்கார்ந்து ஒருவர் பேசினால் அந்த 22 பேர் அழகாகச் சமாளிப்பார்கள். பத்துச் சத்தம் ஒன்றாக வந்தால் திணறிப்போவார்கள்.

இப்போது நிலைமின்சாரம். எட்டாம் வகுப்பில் சீப்பைத் தலையில் தேய்த்துப் பேப்பர் துண்டை ஒட்ட வைத்தோமே, அதேதான். இரண்டு பொருள்கள் உரசும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எலக்ட்ரான் போய்ச் சேருகிறது. தேங்கியது வழி கிடைத்ததும் பொறியாகப் பாய்கிறது. விரல் நுனியில் சுளீர் என்று நமக்குத் தெரிய வேண்டுமானால் ஏறத்தாழ 3,000 வோல்ட் இருக்க வேண்டும். எண்ணைக் கேட்டுப் பதற வேண்டாம். பாயும் மின்னூட்டம் மிகக் குறைவு, நேரமும் இமைப்பொழுதுகூட இல்லை. அதனால்தான் ஆளுக்கு ஒன்றும் ஆவதில்லை.

ஆளுக்கு ஆகாதது நுண்ணிய கருவிக்கு ஆகலாம். பழைய பிராசசர்களில் பொறி பாய்ந்து, உள்ளே பதிந்திருந்த மேப்பிங் அழிந்து போனது உண்டு. மேப்பிங் என்பது ஒவ்வொரு குழந்தைக்கும் எவ்வளவு மின்சாரம் போதும் என்று ஆடியாலஜிஸ்ட் அளந்து வைக்கும் கணக்கு. இப்போது வரும் கருவிகள் இதைத் தாங்கும்படி செய்யப்படுகின்றன. அப்படியே அழிந்தாலும் மேப்பிங்கின் நகல் ஆடியாலஜிஸ்டின் கம்ப்யூட்டரில் இருக்கும், மறுபடி ஏற்றிவிடலாம். தவிர, காற்றில் ஈரம் இருந்தால் மின்னூட்டம் தேங்காமல் கசிந்து போய்விடும். குளிரும் வறட்சியும் கம்பளி விரிப்புமாக வாழும் நாடுகளில் இது தினசரித் தொல்லை. நமக்குப் பங்குனி, சித்திரை வறட்சியில் கொஞ்சம் கவனம் இருந்தால் போதும்.

நாங்கள் வீட்டில் கடைப்பிடிப்பது இவ்வளவுதான்:

1. உடுத்தும்போது கருவி கடைசி. உடை மாற்றும்போது கருவி முதலில் கழற்றப்படும். நைலான், பாலியஸ்டரைவிடப் பருத்தி நல்லது. நம் ஊர் வெயிலுக்கும் அதுதான் நல்லது.

2. அவளுடைய கருவியைத் தொடுவதற்கு முன் அவள் கையையோ தோளையோ தொடுவோம். இரண்டு உடம்பிலும் மின் அழுத்தம் சமமாகிவிட்டால் கருவி வழியாகப் பொறி பாயாது.

3. காரிலிருந்து இறங்கியதும் கதவின் இரும்பைக் கையால் தொடுவாள்.

4. பிளாஸ்டிக் சறுக்கு, பந்துக் குளம், டிராம்போலின் என்றால் பிராசசரைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு ஆசை தீர விளையாடுவாள். அந்த அரை மணி நேரம் கேட்காது. சைகையில் பேசிக்கொள்வோம்.

5. வான்டிகிராப் மின்னியற்றி பக்கம் மட்டும் கூடவே கூடாது. பிளஸ் டூ இயற்பியல் பாடத்தில் வருகிறது, அறிவியல் கண்காட்சிகளிலும் வைக்கிறார்கள். அது உண்டாக்குவது லட்சக்கணக்கான வோல்ட். உள்ளே இருக்கும் பகுதிக்கே ஆபத்து. என் மாணவர்களில் இயற்பியல் ஆசிரியர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் பயம் தேவையில்லை. பலூனைத் தன் தலையில் தேய்க்காமல் இருந்தால் சரி, பேப்பர் துண்டு ஒட்டுவதை வேடிக்கை பார்க்க என்ன தடை? ஆனால் போன வருடம் ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) அறிவியல் செயல்பாடு நடக்கும்போதெல்லாம் "கருவிக்கு ஆகாது" என்று அவளை வெளியே வராந்தாவில் உட்கார வைத்தார்கள். அதே பள்ளியில் மற்ற நேரங்களில் அவள் இடம் ரோட்டோர ஜன்னலுக்குப் பக்கத்தில், கடைசிக்கு முந்தின பெஞ்ச். தலைக்கு மேல் கடகடவென்று ஆடும் ஃபேன். வராந்தாவில் உட்கார்ந்ததில் அவள் இழந்தது வாரத்துக்கு ஒரு மணி நேரம். அந்த ஜன்னலால் இழந்தது மிச்சம் எல்லா மணி நேரமும்.

பேசுபவரின் குரல் சுற்றியுள்ள சத்தத்தைவிட 15 டெசிபலாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வல்லுநர்கள் சொல்லும் கணக்கு. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் இருக்கும் குரல் நான்கு மீட்டர் தள்ளிப் போனால் 12 டெசிபல் போய்விட்டது. அதனால் முன் பெஞ்ச் என்பது இவளுக்குச் சலுகை அல்ல, காதின் ஒரு பகுதி.

"சத்தம் அதிகமானால் கருவி காதை உடைத்துவிடாதா?" என்று சிலர் கேட்பீர்கள். உடைக்காது. பெரிய சத்தம் வந்தால் கருவி தானாகவே எல்லாவற்றையும் அமுக்கிவிடும். அப்படி அமுக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேச்சும் சேர்ந்தே அமுங்கும். சத்தம் அவளைக் காயப்படுத்துவதில்லை, மறுபடி செவிடாக்குகிறது. இன்னொன்று: ஒரு காதில் மட்டும் கருவி இருப்பதால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. பின்னால் நின்று கூப்பிட்டுவிட்டு, "கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கிறா" என்று குறைப்பட வேண்டாம். முன்னால் வந்து பேசுங்கள்.

அடுத்தது நம் வீடுகள். செட்டிநாட்டு வீட்டின் பெருமையை ஊர் உலகமெல்லாம் வந்து பார்க்கிறது. உயரமான கூரை, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெள்ளை கலந்து கண்ணாடி போல இழைத்த சுண்ணாம்புச் சுவர். கண்ணுக்கு அழகு. ஆனால் சத்தத்தை உறிஞ்ச அங்கே எதுவும் கிடையாது. சொன்ன சொல் சுவரில் முட்டித் திரும்பி, அடுத்த சொல்லோடு மோதுகிறது. நமக்கு அது கம்பீரம். அவளுக்கு அது கூழ். அதே வளவில் கெட்டிமேளமும், மைக்கில் மொய் வாசிப்பதும், நூறு பேர் பேச்சும் சேர்ந்தால் என்ன ஆகும்? போன தை மாதம் ஒரு உறவுக் கல்யாணத்தில் அவளே காயிலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தூண் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். "கருவி ரிப்பேரா?" என்று பார்த்தவர்களெல்லாம் கேட்டார்கள். கருவி நன்றாகத்தான் இருந்தது. எல்லோரும் சிரித்த நேரத்தில் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவளும் சிரித்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு பிள்ளைக்காக ஊரே வாயை மூட வேண்டுமா?" நியாயமான கேள்விதான். நாதஸ்வரத்தை நிறுத்தச் சொல்லவில்லை, அம்மன் கோயில் திருவிழாவை அடக்கி வாசிக்கச் சொல்லவில்லை. பெட்டியின் திசையையும் அளவையும்தான் கேட்கிறேன். சட்டமே இதைத்தான் சொல்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பள்ளி, மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். இதைக் கேட்பது என் பேத்திக்காக மட்டுமில்லை. ஹியரிங் எய்டு வைத்திருக்கும் நம் ஐயாக்களும் அப்பத்தாக்களும் கூட்டத்தில் பேசாமல் ஒதுங்கி உட்காருவது வயசானதால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதி நேரம் காரணம் ஸ்பீக்கர் பெட்டிதான்.

அரசாங்கம் பல லட்ச ரூபாய்க் கருவியை இலவசமாகப் பொருத்திவிட்டது. மருத்துவர் தன் வேலையை முடித்துவிட்டார். அதற்குப் பிறகு பேட்டரி, வயர், காயில் என்று வீட்டுச் செலவு தொடர்கிறது. அந்தச் செலவுக்குக்கூட ஒரு வழி பண்ணிவிடலாம். அவள் காதில் போய்ச் சேரும் சொல் தெளிவாக இருக்க வேண்டும் என்பது மட்டும் காசால் வராது. கூட இருப்பவர்கள் மனது வைக்க வேண்டும்.

அதனால் சில வேண்டுகோள்கள்.

ஆசிரியர்களாக இருக்கும் என் பிள்ளைகளுக்கு: கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசாதீர்கள், திரும்பி முகம் காட்டிப் பேசுங்கள். கருவி இருக்கும் காது உங்கள் பக்கம் வரும்படி முன் பெஞ்சில் இடம் கொடுங்கள். கதவைச் சாத்துங்கள். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்டுங்கள், அதிகச் செலவில்லை. ஆசிரியர் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் மைக்கிலிருந்து நேரே கருவிக்குக் குரல் போகும் வசதியும் இருக்கிறது. பெற்றோர் அதைக் கொண்டுவந்து கொடுத்தால் வெட்கப்படாமல் மாட்டிக்கொள்ளுங்கள். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி இப்படிப்பட்ட வசதி செய்து தருவது பள்ளியின் கடமை.

மைக் செட் வைத்திருக்கும் என் மாணவர்களுக்கு: பந்தி நடக்கும் இடத்துக்கும் பெரியவர்கள், குழந்தைகள் உட்காரும் இடத்துக்கும் பெட்டியைத் திருப்பி வைக்காதீர்கள். டீச்சர் கேட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

விசேஷம் வைக்கும் உறவுகளுக்கு: வீட்டில் ஒரு அறையை மட்டும் சத்தமில்லாமல் விடுங்கள். தரையில் ஜமுக்காளம் விரித்து, கதவுக்குக் கனமான திரை போட்டாலே எதிரொலி நன்றாகக் குறையும். அந்த அறைக்கு யார் யார் வந்து உட்காருகிறார்கள் என்று பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள்.

கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு: தட்டில் கரண்டியால் தட்டினால் திரும்புகிறதே என்று இருந்துவிடாதீர்கள். பிறந்த உடனேயே செவித்திறன் பரிசோதனை செய்யுங்கள். இந்தக் கருவி எவ்வளவு சீக்கிரம் வைக்கப்படுகிறதோ அவ்வளவு நல்லது. மூளை பேச்சைக் கற்றுக்கொள்ளும் வயது நமக்காகக் காத்திருக்காது.

இந்த வைகாசியில் எங்களைக் கூப்பிட்டிருக்கும் எல்லா வீட்டுக்கும் பேத்தியோடு வருகிறேன். பலூன் கட்டியிருந்தாலும் வருவோம், பிளாஸ்டிக் நாற்காலியிலும் உட்காருவோம். அவள் எதிரில் உட்கார்ந்து, முகம் பார்த்து, நிதானமாக நாலு வார்த்தை பேசுங்கள். பதிலுக்கு அவள் நாற்பது வார்த்தை பேசுவாள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
காரைக்குடி