டேங்க் கிளீனர் எதையும் கிளீன் பண்ணல

முதல்ல ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். 2021 கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பழைய பெயின்ட் வாளியில் ஒரு மீனைப் போட்டுக்கொண்டு த்ரீவீலரில் கெட்டம்பேக்குப் போனோம். மகாவலிக் கரையில் இறங்கி வாளியைச் சரித்தோம். மீன் ஒருமுறை வாலை ஆட்டிவிட்டு மண்ணிறத் தண்ணிக்குள் போய்விட்டது. எங்களில் ஒருத்தர் “போய் நல்லா இரு” என்றுகூடச் சொன்னார். திரும்பி வரும் வழியில் பிளேன்டீ குடித்தோம். ஓர் உயிரைக் கொல்லாமல் விட்டோமே என்று மனசுக்குள் ஒரு புண்ணியக் கணக்கு வேறு.

அந்த மீனுக்குக் கடைகளில் வழங்கும் பெயர் டேங்க் கிளீனர். உடம்பெல்லாம் கவசம், வாய் அடிப்பக்கம், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க நக்கிக்கொண்டிருக்கும். மீன் தொட்டி வைத்திருக்கிற வீடுகளில் பாதிக்கு மேல் இதைப் பார்த்திருப்பீர்கள். தொட்டியில் பாசி பிடித்தால் கடைக்காரர் சொல்லும் முதல் மருந்து இதுதான். நாங்களும் அப்படித்தான் வாங்கினோம். இந்தக் கட்டுரை அந்த மருந்தைப் பற்றியது. நீங்கள் வாங்காமல் இருந்தால் எங்கள் வாளிக் கணக்கில் கொஞ்சம் கழியும்.

தொட்டிக் கதையைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் நாலு பேர், பேராதனைப் பக்கம் ஒரு அனெக்ஸ். லொக்டவுன் நாட்களில் போன் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தபோது, வீட்டுக்குள் பச்சையாக ஏதாவது வேணும் என்று தோன்றியது. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. கணக்குப் போட்டால் 56 லீற்றர். மணல் போட்டதும் நிஜத்தில் 45 லீற்றர்தான் பிடிக்கும். ஹந்தானை தெரிகிற ஜன்னலோரமாக வைத்தோம். வெயில் பட்டால் செடி நல்லா வளரும்தானே! நாலு வகைச் செடி, ஒவ்வொன்றிலும் ரெண்டு தண்டு. மீன் 14. ராத்திரி லைட் போட்டால் அழகாக இருக்கிறது என்று நடுச்சாமம் வரைக்கும் லைட்.

மூன்றாம் கிழமை கண்ணாடியில் கபிலநிறத் தூசி மாதிரி வந்தது. பிறகு பச்சைப் புள்ளி. அதற்குப் பிறகு செடிகளின் மேல் முடி மாதிரிப் பாசி, இழுத்தால் நூல்நூலாக வரும். கடைக்கு ஓடினோம். “ஒரு டேங்க் கிளீனர் போடுங்க தம்பி, எல்லாத்தையும் சாப்பிட்டிடும்.” ரெண்டு அங்குலக் குஞ்சு ஒன்றைப் பையில் கட்டிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல வரவில்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

முதல் மாசம் உண்மையிலேயே சாப்பிட்டது. அதை மறைக்க மாட்டோம். ஆனால் அது வளர்ந்தது. ஏழெட்டு அங்குலம் வந்ததும் பாசியை விட மற்ற மீன்களுக்குப் போடும் தீனியில்தான் அதற்கு ஆசை. திரும்பினால் செடி பிடுங்கப்படும். போதாததற்கு எந்நேரமும் நீளநீளமாகக் கழிவு. அந்தக் கழிவு தண்ணிக்குள்ளேயே அமோனியாவாகி, பற்றீரியாக்கள் கைவைத்து நைத்திரேற்றாகி, கடைசியில் பாசிக்கே சாப்பாடாகிறது. பாசியைத் தின்னக் கொண்டுவந்த மீன் பாசிக்குப் பசளை போட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம், தொட்டி முன்னை விடப் பச்சையானது.

இந்த இடத்தில் ஒரு வார்த்தைச் சண்டை. தமிழில் ‘பாசி’ என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடைத்து வைத்திருக்கிறோம். கிணற்றுப்படியில் வழுக்குவதும் பாசி, நோன்பு காலத்தில் பாலும் சீனியும் போட்டுக் காய்ச்சுகிற கடற்பாசியும் பாசி, குளத்தில் தழைக்கிற வேலம்பாசியும் பாசி. பள்ளிக்கூடப் புத்தகத்தில் ‘அல்கா’ என்று படித்தோம், பரீட்சையோடு விட்டுவிட்டோம். பெயர் ஒன்றாக இருந்தால் மருந்தும் ஒன்றுதான் என்று தோன்றிவிடுகிறது. புதுத் தொட்டியில் வருகிற கபிலத் தூசி தயற்றம் வகை, பெரும்பாலும் தானாகவே போய்விடும். பச்சைப் புள்ளியும் நூலும் உண்மையான பச்சை அல்கா. நீலப்பச்சையாக, படலமாக, நாற்றத்தோடு வருவது அல்காவே இல்லை, அது சயனோபற்றீரியா. அதை டேங்க் கிளீனர் முகர்ந்துகூடப் பார்க்காது.

அதே புத்தகத்தில் இன்னொரு சொல்லும் இருந்தது: நற்போசணையாக்கம். தண்ணிக்குள் போசணை கூடிப்போய் அல்கா பெருகுவதற்கு வைத்த பெயர். ‘நல்ல போசணை’ என்று கேட்டால் ஏதோ திரிபோஷ கொடுப்பது மாதிரி இருக்கும். இதற்கு உதாரணம் தேடி நாங்கள் தூரப் போக வேண்டியதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் கண்டி வாவி. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. சிங்களத்தில் அதற்குக் கிரி முஹுத, பாற்கடல் என்று பெயர். 1999 மே மாதம் அந்தப் பாற்கடல் பச்சைக் கூழானது. மைக்ரோசிஸ்டிஸ் என்ற சயனோபற்றீரியாதான் காரணம், நச்சை உண்டாக்கக்கூடிய இனம். சுற்றியிருக்கிற நகரத்தின் கழிவுநீர், மழை அடித்துக்கொண்டு வருகிற மண், அதோடு சேர்ந்து வருகிற பொசுபேற்று, எல்லாம் இறங்குகிற இடம் அது. வாவி எங்கள் தொட்டியை விடப் பெரிசு, அவ்வளவுதான் வித்தியாசம். உள்ளே போவது குறையாமல் மேலே மிதப்பதை மட்டும் அள்ளினால் ரெண்டிலும் ஒரே முடிவுதான்.

எங்கள் தொட்டி திருந்தியது எங்கள் புத்தியால் இல்லை, நாட்டின் வங்குரோத்தால். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, ஞாபகம் இருக்கா? லைட் இல்லை. பில்டர் இல்லை. ஜக்கால் தண்ணியை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றி மீனுக்குக் காற்றுக் கொடுத்தோம். மீன்களுக்குத் தீனி வாங்கவும் யோசித்தோம், அதனால் ரெண்டு நாளைக்கு ஒருமுறைதான் போட்டோம். அதற்குள் தொட்டியை ஜன்னலோரத்திலிருந்து உள் அறைக்கு மாற்றியும் இருந்தோம். மூன்று கிழமையில் நூல்பாசி சாம்பல் நிறமாகி உதிர ஆரம்பித்தது. செடிகள் வாடவில்லை. இலையிலும் தண்டிலும் கிழங்கிலும் சேமித்து வைத்திருப்பதை வைத்துச் செடி கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். பாசிக்கு அப்படிப் பெரிய சேமிப்பு இல்லை, அன்றாடங்காய்ச்சி. வெளிச்சத்தையும் சாப்பாட்டையும் சேர்த்துக் குறைத்தால் முதலில் விழுவது அதுதான்.

அதற்குப் பிறகு தெரிந்தே செய்தோம். லைட் ஒரு நாளைக்கு 6 மணித்தியாலம், டைமர் போட்டு. புதுத் தொட்டிக்கு அதுவே தாராளம், செடி வேர்பிடித்த பிறகு 8 வரை போகலாம். மீனை 6 ஆகக் குறைத்தோம், மிச்சத்தைத் தெரிந்த ஒரு அக்காவின் பெரிய தொட்டிக்குக் கொடுத்தோம். கிழமைக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணி மாற்றுகிறோம். பைப் தண்ணியில் குளோரின் இருக்கும், அதனால் முதல் நாளே வாளியில் பிடித்துத் திறந்து வைப்போம். செடியில்தான் கஞ்சத்தனம் பண்ணியிருந்தோம் என்று பிறகு புரிந்தது. ஆரம்பத்திலேயே தொட்டியின் அடியில் முக்கால்வாசி இடம் செடியாக இருக்க வேண்டும், அதில் பாதியாவது வேகமாக வளர்கிற சாதாரணத் தண்டுச் செடிகளாக. அவை நைத்திரேற்றைக் குடித்துவிட்டால் பாசிக்கு மிச்சமில்லை. கடையில் போத்தலில் விற்கிற பாசிக்கொல்லி மருந்துகளைப் பற்றி ஒரே வரி: காரணம் அப்படியே இருக்கும், அடுத்த மாசம் இன்னொரு போத்தல் வாங்குவீர்கள்.

பில்டர் போட்டு, செடி நட்டு, மீன் இல்லாமல் நாலு முதல் ஆறு கிழமை காத்திருங்கள் என்று சொன்னால் எல்லாருக்கும் கோபம் வருகிறது. எங்களுக்கும் வந்தது. அமோனியாவைத் தின்கிற பற்றீரியாக்கள் குடியேற அவ்வளவு நாள் எடுக்கும். அந்த வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாதவர்கள்தான் 14 மீன் வாங்குகிறார்கள்.

செடி என்றதும் கிரிப்டோகோரைனைச் சொல்லாமல் விட முடியாது. ஐரோப்பாவில் சின்னச் சட்டியில் வைத்து விற்கிற வெண்டிட்டி, பெக்கெட்டி, வோக்கரி, பார்வா எல்லாமே இலங்கைக்கு மட்டும் உரிய இனங்கள், நம்ம ஓடைகளின் செடிகள். 1885இல் பெக்கெட்டியின் விவரிப்பை வெளியிட்ட ட்ரைமனும், அதற்குப் பெயர் வைத்த த்வைட்ஸும் பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர்களாக இருந்தவர்கள். பாதி வெளிச்சத்தில், மெதுவாக, லைட் குறைந்த தொட்டியிலும் வளரும். எங்களைப் போன்ற சோம்பேறிகளுக்காகவே படைக்கப்பட்டது. ஒரு எச்சரிக்கை மட்டும்: இடம் மாற்றி நட்டால் ரெண்டு கிழமைக்குள் இலையெல்லாம் கரைந்து கஞ்சியாகும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள், வேரிலிருந்து திரும்ப வரும். நாங்கள் ஒன்றை எறிந்துவிட்டோம்.

அதே நேரம், ஓடையிலதானே சும்மா கிடக்குது என்று பிடுங்கிக்கொண்டு வரவும் வேணாம். ஒரு இனம் ரெண்டு மூன்று ஓடைகளில் மட்டும் மிஞ்சியிருக்கலாம். இவற்றில் சில அழியும் ஆபத்துள்ளவை. வளர்ப்பவர்களிடம் ஒரு சட்டி வாங்கினால் போதும், ஒரு வருசத்தில் பக்கக் கன்று விட்டுப் பத்தாகும்.

இப்போது வாளிக்கு வருவோம். கெட்டம்பேயில் விட்ட மீன் எங்கே போகும்? மகாவலி கண்டியைச் சுற்றிக்கொண்டு பொல்கொல்லைக்குப் போகிறது. 1976இல் திறந்த பொல்கொல்ல அணைக்கட்டிலிருந்து ஒரு பகுதித் தண்ணி சுரங்கம் வழியாக உக்குவலைக்குப் போய், அங்கிருந்து போவத்தென்ன, பிறகு வறண்ட வலயக் குளங்கள். மிச்சம் விக்டோரியாவுக்கு. நாங்கள் விட்ட இடத்திலிருந்து பாதி நாட்டுக்குத் தண்ணிப் பாதை இருக்கிறது. பொல்கொல்ல நீர்த்தேக்கத்தில் இந்த மீன், அதுவும் அமேசன் ஆற்றைச் சேர்ந்த இந்த மீன், எப்படிப் பெருகுகிறது என்று ஆய்வுக்கட்டுரையே வந்திருக்கிறது. யாரோ வளர்த்து யாரோ விட்டவை. நாங்கள் முதல் ஆள் இல்லை. அது ஆறுதலும் இல்லை.

இந்த மீன் வலையில் மாட்டினால் முள்ளும் கவசமும் நூலோடு பின்னிக்கொள்ளும், வலையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். சந்தையில் வாங்க ஆளில்லை. இனப்பெருக்கத்துக்குக் கரையில் வளை தோண்டும், கரை சரியும். தண்ணியில் ஒட்சிசன் குறைந்தாலும் மேலே வந்து காற்றை விழுங்கிச் சமாளிக்கும். கல்லில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்கிற மீன் நம்ம ஆறுகளிலேயே இருக்கிறது, சிங்களத்தில் கல் பாண்டியா என்பார்கள். அதன் சாப்பாட்டில்தான் இது கை வைக்கிறது. கடைக்காரர் ஒரு சின்னப் பையில் கட்டிக் கொடுத்த விசயம் நீர்த்தேக்கத்தில் தோணி வைத்திருக்கிறவரின் வலையைக் கிழிக்கிறது. அவருக்கும் எங்கள் தொட்டிப் பாசிக்கும் என்ன சம்பந்தம்?

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் சான் மார்கோஸ் ஆற்றில் நம்ம பெக்கெட்டி பரவிப்போய், அதைப் பிடுங்கி அழிக்க ஆள் வைத்தார்கள். யாரோ தொட்டியைக் கழுவிக் கொட்டியிருக்க வேண்டும். இங்கே பாதுகாக்க வேண்டிய செடி அங்கே களை. அங்கத்தைய மீன் இங்கே தொல்லை. செடியிலோ மீனிலோ பிழையில்லை, வாளியில்தான்.

‘தடை பண்ணணும்’ என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எங்களுக்கு முழு உடன்பாடு இல்லை. நாளைக்கே தடை என்று அறிவித்தால், வீடுகளில் இருக்கிற அத்தனை டேங்க் கிளீனரும் பயத்தில் ஒரே கிழமையில் ஆற்றுக்குப் போகும். முதலில் வேண்டியது, விற்ற கடையே திரும்ப எடுத்துக்கொள்ளும் வழக்கம். விற்கும்போதே “இது ஒன்றரை அடி வரை வளரும்” என்று ஒரு சின்ன அட்டையில் எழுதி ஒட்டினாலும் பாதிப் பேர் வாங்க மாட்டோம். 2 அடித் தொட்டிக்கு ஒன்றரை அடி மீனை யார் வாங்குவார்? எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அதனால் இப்போதைக்கு அனெக்ஸின் பின்பக்கம், நிழலில், ஒரு பெரிய நீலத் தண்ணி டாங்கி வைத்திருக்கிறோம். வீட்டுக்கார அங்கிள் முதலில் முறைத்தார், இப்போது அவரே தீனி போடுகிறார். அதில் நாலு டேங்க் கிளீனர் இருக்கிறது, எல்லாம் தெரிந்தவர்கள் கொண்டுவந்து விட்டவை, பெரிசு 13 அங்குலம். இன்னும் ரெண்டுக்கு இடமிருக்கிறது. ஆற்றில் விட நினைப்பவர்கள் எங்களிடம் கொண்டுவாருங்கள். வரும்போது ஒரு வெறும் ஜாம் போத்தலும் எடுத்து வாங்க, வெண்டிட்டியில் கன்று விட்டிருக்கு, வேரோடு தருகிறோம்.