ஓடுற வீட்டுக்கு வெயில் காணுமா?

பழைய லேலண்ட் பஸ் ஒன்றை வாங்கி, சீற்றுகளைக் கழற்றிவிட்டு, கட்டிலும் குசினியும் போட்டு, கூரை முழுக்க சோலார் பனல் பூட்டினால் காசில்லாமலே நாடு சுத்தலாம். வீடியோக்கள் பார்த்துப் பார்த்து என்ர கூட்டாளி ஒருத்தன் வந்து நிற்கிற முடிவு இது. "எஞ்சினையும் கழற்றிட்டு மோட்டார் பூட்டுவம் மச்சான். வெளிநாட்டில இருக்கிற அண்ணாட்ட காசு கேக்கப் போறன்" எண்டான். ஆசையில பிழையில்லை. கணக்கிலதான் பிழை.

இப்படி ஒரு வீடு உண்மையிலேயே ஓடியிருக்கிறது. 2021இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் 'ஸ்டெல்லா வீட்டா' எண்ட சூரிய சக்தி வீட்டு வண்டியைக் கட்டி, ஸ்பெயினின் தென்முனையில் இருக்கிற தரிபா வரைக்கும் ஓட்டிப் போனார்கள். ஏறத்தாழ 3000 கிலோமீற்றர். உள்ளே படுக்கை, குசினி, குளியலறை எல்லாம் இருந்தன.

ஆனால் அந்த வண்டியை ஓடவைத்தது பனல் மட்டுமில்லை. மொத்த எடையே 1700 கிலோதான். காற்றை வெட்டிப் போகிற நீர்த்துளி வடிவம். அதனால்தான் 60 யூனிட் பற்றரியில் 600 கிலோமீற்றர் போக முடிந்தது. நிறுத்தினதும் கூரை உயர்ந்து பனல்கள் இரண்டு பக்கமும் விரியும்.

எங்கட பஸ்ஸை எடுங்கோ. பெட்டி மாதிரி வடிவம், பல தொன் பாரம். கூரையில் 25 சதுர மீற்றர் பனல் போட்டால் உச்சி வெயிலில் 5 கிலோவாட் வரும். நல்ல வெயில் நாளில் கைக்கு வருவது கிட்டத்தட்ட 20 யூனிட். அந்தப் பாரத்தை ஒரு கிலோமீற்றர் இழுக்கவே ஏறக்குறைய ஒரு யூனிட் வேணும். ஆக, ஒரு நாளுக்கு 20 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்குப் போய்ச்சேர 20 நாள்! அதுவும் மழை பெய்யாமல் இருந்தால்.

அதே 20 யூனிட்டை வீட்டுப் பக்கம் திருப்பிப் பாருங்கோ. பிரிட்ஜ், பான், லைற், லப்டொப் எல்லாத்துக்கும் ஒரு நாளைக்கு நாலு யூனிட் காணும். மின் அடுப்பில் சமைத்தாலும் மிச்சம் இருக்கும். அப்ப பனலும் கால்வாசி போதும், செலவும் குறையும்.

என்ர நிலைப்பாடு இதுதான்: சில்லை டீசல் உருட்டட்டும், வீட்டை வெயில் நடத்தட்டும். முழுக்க வெயிலிலதான் ஓடவேணும் எண்டால் பஸ்ஸை மறந்துவிட்டு, பாரம் குறைந்த சின்ன வண்டியில் தொடங்கவேணும். இரண்டுக்கும் நடுவில் நிண்டால் அண்ணாவின் உழைப்புத்தான் கரையும்.

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாங்கள் இதை இன்னொரு பக்கமாகவும் யோசிக்கலாம். அண்டைக்கு எங்கட ஒழுங்கையில் அப்படி ஒரு பஸ் சும்மா நிண்டிருந்தாலே நாலைந்து வீட்டுக்கு லைற் எரிந்திருக்கும், எல்லாருடைய போனும் சார்ஜ் ஏறியிருக்கும். ஓடாமல் நிற்கிறபோதும் பிரயோசனப்படுகிற வண்டியைக் கட்டு மச்சான். அதுக்கெண்டால் நானும் கையில இருக்கிற காசைப் போடுறன்.