முடிச்சு அவிழ்ந்தால் அறிவியல் ஆகிவிடுமா?

தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் இறுதிப் பகுதியைப் பற்றி எழுதப் புகும் நம் விமர்சகர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். முடிச்சு அவிழ்ந்ததா, இல்லையா? அவிழ்ந்திருந்தால் 'அபாரம்', அவிழாவிட்டால் 'ஏமாற்றம்'. துப்பறியும் கதைக்கு இந்த அளவுகோல் போதும். அறிவியல் புனைவுக்குப் போதாது என்பதே நம் கட்சி.

இதை இப்போது சொல்ல ஒரு காரணம் உண்டு. 'தமிழ்த் தொலைக்காட்சியில் அறிவியல் புனைவு ஏது?' என்று கேட்டால் நம் இலக்கிய நண்பர்கள் பலரும் தயங்காமல் 'மர்மதேசம்' வரிசையைச் சுட்டுகிறார்கள். அதிலும் 'விடாது கருப்பு'. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து, 1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வந்த தொடர். குதிரை மேல் வந்து குற்றவாளிகளைத் தண்டிக்கும் கருப்பின் கதைக்கு இறுதியில் பிளவுபட்ட ஆளுமை என்ற உளவியல் விளக்கம் தரப்படுகிறது. 'பார்த்தீர்களா, அறிவியல் வென்றது' என்கிறார்கள். கால் நூற்றாண்டு கடந்துவிட்டதால் முடிவைச் சொல்லிவிட்டதாக யாரும் நம்மைக் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

அத்தொடரின் தரத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஒளிப்பதிவிலும் கதைசொல்லும் ஒழுங்கிலும் அதற்குப் பின் வந்த நெடுந்தொடர்களில் பெரும்பாலானவை அதன் அருகில் நிற்கத் தகுதியற்றவை. நம்பிக்கைக்கும் சிறிது இடம் விட்டே அது முடிந்தது என்ற நேர்மையும் அதற்கு உண்டு. நம் சண்டை தொடரோடு அன்று. அதன் முடிவை அறிவியலின் வெற்றியாகக் கொண்டாடுவோரோடு.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையில் இருபுறமும் சீமைக்கருவேல் மண்டிய காட்டில், கண்மாய்க் கரையிலும் ஊர் எல்லையிலும் கருப்பசாமி அரிவாளோடு நிற்கிறார். மழை பொய்த்தால் விளைச்சல் இல்லை, விளைச்சல் பொய்த்தால் கடன், கடன் முற்றினால் நிலம் கைமாறும் என்ற பூமி இது. வரப்புத் தகராறு, களவு, கொடுத்த வாக்கு மறுத்தல் என எதுவானாலும் கருப்பு முன் சத்தியம் செய் என்பதுதான் இங்கே முதல் சொல். வழக்குமன்றத்துக்கு நடக்கக் காசில்லாதவனுக்கு அதுவே வழக்குமன்றம். அதாவது கருப்பு என்பது ஒரு நம்பிக்கை மட்டுமன்று, ஒரு நீதி ஏற்பாடு. அது சில வேளை எளியவனுக்குத் துணை நின்றது. சில வேளை எளியவனையே அச்சத்தில் கட்டிப்போட்டது. இரண்டும் உண்மை.

இப்போது அந்த முடிவுக்கு வருவோம். ஊரே ஒரு கருப்பை ஏன் வேண்டி நிற்கிறது என்ற கேள்வியைத் தொடர் எழுப்புகிறது. இறுதிப் பகுதியோ தனிமனிதர் ஒருவரின் மனநோயை விடையாகத் தருகிறது. ஊரின் கேள்வி மருத்துவரின் குறிப்பேட்டில் அடங்கிவிடுகிறது. இங்கே அறிவியல் செய்த வேலை என்ன? பேயோட்டியின் வேலை. கோடாங்கி உடுக்கையடித்து 'இன்ன பேய்' என்று பெயர் சொல்வான். மருத்துவர் 'இன்ன நோய்' என்று பெயர் சொல்கிறார். பெயர் சொன்னதும் ஆட்டம் முடிகிறது. கடைசி வாரத்தில் வந்து பெயர் சொல்லிப் போகும் அறிவியலை வைத்துக்கொண்டு ஒரு படைப்பை அறிவியல் புனைவு என்று சாதிப்பது எவ்வகையில் தகும்?

'அது மர்மத்தொடர்தானே, அதற்கு இந்த அளவுகோல் எதற்கு' எனச் சிலர் கேட்கக்கூடும். நாமும் அதைத்தானே சொல்கிறோம்! மர்மத்தொடராக அதைக் கொண்டாடுங்கள், உடன் வருகிறோம்.

சரி, தமிழில் உண்மையான எடுத்துக்காட்டு இல்லையா என்றால், இருக்கிறது. சுஜாதா ஆனந்த விகடனில் எழுதிப் பின்னர் தூர்தர்ஷனிலும் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'. பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டும், பெயர்கூட இரண்டெழுத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்னும் எதிர்கால இந்தியா. அதை ஆள்பவன் ஜீவா என்ற சர்வாதிகாரி. கதை முடியுந்தறுவாயில் தெரியவருவது என்ன? ஜீவா என்று ஒருவரே இல்லை. அது ஒளியால் ஆன முப்பரிமாணப் பிம்பம். இதுவும் முடிச்சவிழ்ப்புத்தான். ஆனால் இங்கே அவிழ்ந்தபின் சிக்கல் பெரிதாகிறது. ஆளில்லாத அதிகாரத்துக்கு ஒரு நாடே கீழ்ப்படிந்திருக்கிறது என்றால், கீழ்ப்படியச் செய்தது எது? பிம்பத்தைக் கலைத்த ரவியும் மனோவும் நிலா என்ற எளிய பெண்ணை அரியணையில் அமர்த்திவிட்டுப் பின்னாலிருந்து ஆள முனைகிறார்கள். பிம்பம் மாறுகிறது, பொறியமைப்பு மாறவில்லை. கட்டளைக்குப் பணியவென்றே செய்யப்பட்ட ஜீனோ என்னும் இயந்திர நாய் மட்டும் சுயமாகச் சிந்திக்கக் கற்றுக்கொள்கிறது.

முன்னதில் ஊரின் சிக்கல் ஒரு மனிதரின் நோயாகச் சுருங்கிற்று. பின்னதில் ஒரு மனிதரின் கொடுமை என்று நாம் நினைத்திருந்தது ஓர் அமைப்பின் இயக்கமாக விரிந்தது. வேறுபாடு இதுதான். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கேற்ற பொறியாளர் ஒருவர் இக்கதையை எழுதினார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அதிகாரமும் இயந்திரமும் சந்திக்கும் இடத்தை அவர் அலுவலகத்திலேயே பார்த்தவர்.

இந்தச் சறுக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. மனிதன் படைத்த இயந்திரங்கள் மனிதனையே வேட்டையாடுவதைப் பல ஆண்டுகள் அலசிய 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' என்ற அமெரிக்கத் தொடர் 2009 மார்ச்சில் முடிந்தபோது, எஞ்சியோர் தம் கப்பல்களைச் சூரியனுக்குள் செலுத்திவிட்டு, 1,50,000 ஆண்டுகளுக்கு முந்தைய பூமியில் வெறுங்கையோடு குடியேறினர். கேள்வியையே கப்பலோடு எரித்துவிட்ட முடிவு அது.

முடிவுகளைப் பற்றி இவ்வளவு வீம்பு எதற்கு? குண்டாறு திருச்சுழியைக் கடந்து கமுதிப் பக்கம் போகிறது. அந்தக் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் தகடுகள். அவற்றில் படியும் புழுதியை நாள்தோறும் துடைப்பவை தானியங்கி இயந்திரங்கள். சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் மக்களின் கண்ணெதிரே நடக்கிறது இது. நம் வகுப்பறைகளில் இருப்பவர்கள் அம்மக்களின் பிள்ளைகள். 'உன் பாட்டனின் கருப்பு ஒரு மனநோய்' என்று மட்டும் சொல்லித் தரும் அறிவியல் புனைவு அவர்களுக்கு எதற்காகும்? கருப்பு செய்துவந்த நீதி வேலையை இனி யார் செய்வது, ஆளற்ற வெளியில் இயங்கும் இயந்திரத்துக்கு ஆணை எங்கிருந்து வருகிறது, கணக்குக் கேட்க வேண்டுமானால் யார் முன் நின்று கேட்பது என்று வினவக் கற்றுத்தரும் புனைவே அவர்களுக்குத் தேவை.

ஆகவே விமர்சக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஓர் அறிவியல் தொடரின் கடைசிப் பகுதியை எடைபோடும்போது முடிச்சு அவிழ்ந்ததா என்று பார்த்த கையோடு, அவிழ்ந்த கயிறு இப்போது யார் கையில் இருக்கிறது என்றும் பாருங்கள். அதைச் சொல்லாத மதிப்புரை, எத்தனை பக்கம் நீண்டாலும், கதைச்சுருக்கமே.