அமெரிக்க மருத்துவமனை பில்லில் சந்தேகம்: சென்னை மெடிக்கல் கோடர் என்ன செய்யலாம்?

சென்னை, கோவை, திருச்சி என்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஏராளமான இளைஞர்கள் அமெரிக்க மருத்துவமனைகளுக்கான பில்லிங், கோடிங் வேலை பார்க்கிறார்கள். டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, அதற்குரிய எண்ணைப் போட வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் இன்ஷூரன்ஸ் பணம் கொடுக்கும்.

குறிப்பில் இல்லாத ஒன்றுக்கு எண் போடச் சொன்னால்? ஏன் என்று கேட்டால், "கிளையன்ட் சொன்னதைச் செய்ங்க, டார்கெட்டை முடிங்க" என்று பதில் வந்தால்? வேலையா, மனசாட்சியா என்று மட்டும் இதைப் பார்க்க முடியாது. இரண்டு நாட்டுச் சட்டங்கள் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவில் இருக்கும் ஊழியருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, சென்னையில் இருப்பவருக்கு அப்படியே கிடைத்துவிடாது.

எது தவறு, எது மோசடி?

ஏற்கெனவே சிகிச்சை பெற்றுவரும் நோயாளி மீண்டும் டாக்டரைப் பார்த்தால் 99213, 99214 போன்ற எண்கள் வரும். நேரத்தை வைத்துக் கணக்கிட்டால் முதலாவதற்குக் குறைந்தது 20 நிமிடம், இரண்டாவதற்கு 30 நிமிடம். 99214-க்குப் பணம் அதிகம். நோயின் சிக்கலை வைத்தும் எண்ணைத் தீர்மானிக்கலாம் என்பதால், நேரம் குறைவாக இருப்பதாலேயே அதை மோசடி என்று சொல்லிவிட முடியாது.

ஒரு ஃபைலில் எண் மாறியிருந்தால் அது தவறாக இருக்கலாம். ஒரே டாக்டரின் எல்லா ஃபைலும், குறிப்பு எப்படி இருந்தாலும், 99214 ஆகவே போகிறது என்றால் அது வேறு விஷயம். இதைத்தான் 'அப்கோடிங்' என்கிறார்கள். ஒரே கட்டணத்தில் அடங்க வேண்டிய சிகிச்சையைப் பிரித்துப் பிரித்து பில் போடுவது 'அன்பண்ட்லிங்'.

தவறு மோசடியாக மாறும் இடமும் உண்டு. அரசுத் திட்டமான மெடிகேரிடமிருந்து கூடுதல் பணம் வந்திருப்பதைக் கண்டறிந்தால், பொதுவாக 60 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். தெரிந்தும் வைத்துக்கொண்டால் அது சட்ட மீறல்.

"மேலே சொன்னாங்க, செஞ்சேன்" என்றால் போதுமா?

போதாது. அமெரிக்காவின் 'ஃபால்ஸ் கிளெய்ம்ஸ்' சட்டத்தில் 'தெரிந்தே' என்ற சொல்லுக்குப் பொருள் விரிவானது. வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொள்வதும், உண்மையா பொய்யா என்று கவலைப்படாமல் அனுப்புவதும் அதில் அடங்கும். சிபிசி சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: நெறிமுறையை மீறினால் அந்தச் சான்றிதழே பறிபோகலாம்.

புகார் சொன்னவர்களுக்கு என்ன ஆனது?

ஜேம்ஸ் ஆல்டர்சன், மொன்டானா மாநிலத்தில் ஒரு சிறிய மருத்துவமனையின் நிதி அதிகாரி. மெடிகேருக்கு ஒரு கணக்கு, உள்ளுக்குள் இன்னொரு கணக்கு என வைத்துக்கொள்ள மறுத்தார். 1990-ல் வேலை போனது. 1993-ல் வழக்குப் போட்டார். பல ஆண்டுகள் அது ரகசியமாகவே நடந்தது. அவருடையது உட்படப் பலரின் புகார்களின் முடிவில், எச்சிஏ மருத்துவமனைக் குழுமம் 2000, 2003 ஆண்டு ஒப்பந்தங்கள் மூலம் மொத்தம் சுமார் 170 கோடி டாலர் கட்டியது. ஆல்டர்சனுக்கும் பெரிய வெகுமதி கிடைத்தது. ஆனால் அதற்கு அவர் பத்தாண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

பில் மோசடி என்பது பணத்தோடு நிற்பதில்லை. மிச்சிகனில் ஃபரித் ஃபட்டா என்ற புற்றுநோய் மருத்துவர், புற்றுநோயே இல்லாதவர்களுக்கும் கீமோ கொடுத்து பில் போட்டார். 2010-லேயே ஒரு செவிலியர் மாநில அதிகாரிகளிடம் புகார் கொடுத்தார். விதிமீறல் இல்லை என்று முடித்துவிட்டார்கள். 2013-ல் அவரது கிளினிக் மேலாளரே தகவல் கொடுத்த பிறகுதான் கைது நடந்தது. தண்டனை 45 ஆண்டு சிறை.

அமெரிக்கச் சட்டம் என்ன தருகிறது?

மோசடியை அறிந்த தனிநபர், அரசின் சார்பில் வழக்குப் போடலாம். அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. வழக்கறிஞர் கட்டாயம். அரசு வழக்கில் சேர்ந்தால் மீட்கப்படும் தொகையில் 15 முதல் 25 சதவீதம், சேராவிட்டால் 25 முதல் 30 சதவீதம் வரை அவருக்கு. 2024 நிதியாண்டில் மட்டும் இப்படி 979 வழக்குகள் வந்தன. ஆனால் இந்தச் சட்டம் மெடிகேர், மெடிகெய்ட் போன்ற அரசுப் பணத்துக்குத்தான். தனியார் இன்ஷூரன்ஸ் பில்லுக்கு இல்லை.

புகார் சொன்னதற்காக வேலையை விட்டு நீக்கினால், மீண்டும் வேலை, இரட்டிப்புச் சம்பளப் பாக்கி என்ற பாதுகாப்பும் அதே சட்டத்தில் உண்டு. ஆனால் அந்தப் பிரிவைக் காட்டி சென்னைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் நிற்க முடியாது.

இந்தியாவில்?

2014-ல் நிறைவேறிய 'விசில் ப்ளோயர்' பாதுகாப்புச் சட்டம் அரசு ஊழியர்களின் முறைகேடு பற்றியது. அதுவும் நடைமுறைக்கு வரவில்லை. கம்பெனிகள் சட்டம் 2013-ன் 177-வது பிரிவு, ஊழியர்கள் பயமின்றிப் புகார் சொல்ல வழி வைக்கச் சொல்கிறது. ஆனால் அது பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள், மக்களிடம் டெபாசிட் வாங்குபவை, வங்கிகளில் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வைத்திருப்பவை ஆகியவற்றுக்குத்தான். 100 பேர் வேலை செய்யும் சிறிய பில்லிங் கம்பெனி பெரும்பாலும் இதற்குள் வராது.

அப்படியானால் என்னதான் செய்வது?

முதலில், எழுத்தில் கேளுங்கள். "இந்தக் குறிப்பில் 99214-க்கான ஆதாரம் தெரியவில்லை, விளக்க முடியுமா?" என்று டீம் லீடருக்கோ, குவாலிட்டி பிரிவுக்கோ ஒரு மெயில். இது குற்றச்சாட்டு இல்லை, கோடரின் வேலையே இதுதான். தவறாக இருந்தால் அங்கேயே சரியாகிவிடும். இல்லையென்றால், தெரிந்தே செய்யவில்லை என்பதற்குத் தேதியோடு ஒரு சாட்சி இருக்கும்.

பதில் வராவிட்டால் கம்பெனியின் கம்ப்ளையன்ஸ் பிரிவு. அதுவும் பலிக்காவிட்டால் அமெரிக்க சுகாதாரத் துறையின் ஓஐஜி ஹாட்லைன். பெயர் சொல்லாமலும் அங்கே புகார் கொடுக்கலாம். ஆனால் வெகுமதியும் வழக்கும் வேண்டுமென்றால் அந்த வழி போதாது.

நோயாளி விவரங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது, சொந்த மெயிலுக்கு மாற்றுவது இரண்டையும் தவிர்க்க வேண்டும். நல்லெண்ணத்தோடு வழக்கறிஞரிடமோ கண்காணிப்பு அமைப்பிடமோ கொடுப்பதற்குத்தான் ஹிப்பா விதிகள் விலக்கு தருகின்றன; நண்பர்களிடமோ சமூக ஊடகத்திலோ பகிர்வதற்கு இல்லை. இங்கேயும், ஒப்பந்தத்தை மீறித் தீய நோக்கத்துடன் தனிப்பட்ட தகவலை வெளியிட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

பலர் சத்தமில்லாமல் வேறு கம்பெனிக்கு மாறிவிடுகிறார்கள். குடும்பம், இஎம்ஐ இருக்கும்போது அது புரிந்துகொள்ளக்கூடிய முடிவுதான். ஆனால் ராஜினாமா செய்தாலும், ஏற்கெனவே அனுப்பிய பில்கள் அந்த ஊழியரின் லாகின் பெயரிலேயே இருக்கும். அதனால் இருப்பதா, போவதா என்று முடிவெடுக்கும் முன்பே அந்த முதல் மெயில் போயிருக்க வேண்டும்.