ஆளே கேட்காத பாட்டுக்குக் காசு! அபராதம் யார் தலையில்?

ஒரே நாளில் 6 லட்சத்து 61 ஆயிரம் தடவை இன்டர்நெட்டில் பாட்டு ஓடியது. கேட்க ஒரு ஆள் கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டர் செய்த வேலை!

இப்படி ஆயிரத்துக்கு மேல் போலிக் கணக்கு வைத்து, சில ஆண்டுகளில் 1 கோடி டாலருக்கு மேல் ராயல்டி சுருட்டியதாக, அமெரிக்காவின் வட கரோலினா ஆசாமி ஒருவர் 2024 செப்டம்பரில் கைதானார். அதே ஆண்டு மார்ச்சில் டென்மார்க் கோர்ட்டு, இதே மாதிரி குற்றத்துக்கு ஒருவருக்கு 18 மாதத் தண்டனை விதித்தது.

நஷ்டம் யாருக்கு?

கம்பெனிக்குத்தானே என்று நினைக்கலாம். இல்லை! ஸ்பாட்டிபையில் ராயல்டிப் பணம் ஒரே உண்டியல். எந்தப் பாட்டு எத்தனை தடவை ஓடியதோ, அந்தக் கணக்குப்படி பங்கு. போலி ஏறினால் நிஜப் பாடகரின் பங்கு குறையும்.

மாதம் 10 யூரோ

அதனால் 2024 முதல் ஸ்பாட்டிபை அபராதம் போடுது. ஒரு பாட்டு ஓடியதில் 90 சதவீதத்துக்கு மேல் போலி என்றால், மாதம் 10 யூரோ. சுமார் 1,000 ரூபாய். பாட்டை ஏற்றிவிட்ட விநியோகக் கம்பெனியிடம்தான் வசூல். அது பாடகர் கணக்கில் கழித்துக்கொள்ளும்.

இங்கேதான் சிக்கல். பெரிய கில்லாடி, பல்லாயிரம் பாட்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டி நழுவப் பார்க்கிறான். "காசு கொடு, லட்சம் பேரைக் கேட்க வைக்கிறேன்" என்ற விளம்பரத்தை நம்பிய புதுப் பாடகர், ஒரே பாட்டோடு மாட்டிக்கொள்கிறார்.

அபராதம் வேணும்தான். ஆனா காசு வாங்கிய தரகரும் சிக்கணும். இல்லேன்னா திருடியவன் ஒருத்தன், தண்டம் கட்டுவது இன்னொருத்தன்!