ரசிகன் மேல் பழி வேண்டாம்

ரஞ்சி ஆட்டத்துக்கு ஆளே வருவதில்லை, ரசிகனுக்கு ரசனை போய்விட்டது என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

1989இல் அமெரிக்காவில் காட்சி ஆட்டம் ஆடியதற்காகக் கபில்தேவ், வெங்சர்க்கார் உள்ளிட்ட ஆறு பேருக்கு வாரியம் தடை போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தடை நீங்கியது. அப்போது மஞ்சக்குப்பம் டீக்கடையிலும் சிதம்பரம் தேரடியிலும் நாம் ஆட்டக்காரர் பக்கம்தானே பேசினோம்? நாலு காசு பார்க்கட்டுமே என்றோம்.

இன்று இரண்டு மாத ஐபிஎல்லுக்கு ரிஷப் பந்தின் ஏல விலை 27 கோடி. நாற்பது ரஞ்சி ஆட்டங்களுக்கு மேல் ஆடியவருக்கோ நாளுக்கு 60,000 ரூபாய். ஆடும் பதினொருவரில் இல்லையென்றால் அதிலும் பாதி. எது பெரிய ஆட்டம் என்று வாரியமே விலைச்சீட்டு ஒட்டிவிட்டது. கடலூர்ப் பையன் ஏலத்தைக் கனவு காணாமல் வேறு எதைக் காண்பான்? முதலில் ரஞ்சிச் சம்பளத்தை ஏற்றுங்கள் ஐயா, ரசிகனை அப்புறம் திட்டலாம்.